2025 கிளப் உலகக் கோப்பை இறுதி: செல்சி வென்றதா, பாரிஸ் களைத்ததா?

இடதுகால்

செல்சி 3-0 என்று வென்றதிலிருந்து ஒரே பல்லவிதான் காதில் விழுகிறது. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் களைத்திருந்தது, அதனால் தோற்றது. செல்சிக்கு அதிர்ஷ்டம். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டரை 5-0 என்று நொறுக்கிய அணி, அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று ஊதித் தள்ளிய அணி, 43 நிமிடங்களுக்குள் மூன்று கோல் வாங்குகிறது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்கிறார்கள்.

நான் அந்த முதல் பாதியை மறுபடி பார்த்தேன். களைப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்த பந்துதான் தெரிந்தது. பாரிஸின் இடது பின்கள வீரர் நூனோ மெண்டெஸின் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடம் அது.

முதல் கோலைப் பாருங்கள், 22-வது நிமிடம். செல்சி கோல்கீப்பர் சான்செஸ் வலப்பக்கம் நோக்கி நீளமாக உதைக்கிறார். மெண்டெஸ் பந்தின் போக்கைத் தவறாகக் கணிக்கிறார். செல்சியின் வலது பின்கள வீரர் குஸ்தோ எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். அவர் உதைத்ததை பாரிஸ் தற்காப்பு வீரர் பெரால்டோ தடுக்க, திரும்பி வந்த பந்தை குஸ்தோ தாக்குதல் வீரர் பால்மருக்குத் தள்ளுகிறார். இடது காலின் உட்புறத்தால் தரையோடு ஒரு தட்டு, அவ்வளவுதான். எட்டு நிமிடம் கழித்து கோல்வில் பின்னாலிருந்து அதே பக்கத்துக்கு நீண்ட பாஸ் கொடுக்கிறார். பால்மர் உள்ளே வெட்டி வருகிறார், முன்கள வீரர் ஜோவா பெட்ரோவுக்குக் கொடுப்பதுபோலப் பாசாங்கு செய்துவிட்டு அதே மூலையில் அடிக்கிறார். 43-வது நிமிடத்தில் பால்மர் கொடுத்த பாஸை ஜோவா பெட்ரோ பாரிஸ் கோல்கீப்பர் டொன்னரும்மாவின் மேலாகத் தூக்கிப் போடுகிறார்.

இதற்கெல்லாம் முன்பு, எட்டாவது நிமிடத்தை ஒட்டி, பால்மர் அடித்த ஒரு பந்து கம்பத்தை உரசாத குறையாக வெளியே போனது. அதுவும் ஏறக்குறைய அதே இடத்திலிருந்துதான். ஒரே பூட்டை ஒரே சாவியால் நான்கு முறை திறந்தவனை அதிர்ஷ்டசாலி என்று சொல்வீர்களா?

வலைக்காவலன்

நல்ல பதிவு. ஆனால் களைப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. மே 31 அன்று மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. இரண்டு வாரம்கூட ஓய்வில்லாமல் அமெரிக்கா. அரையிறுதி ஜூலை 9, இறுதி 13. செல்சியின் அரையிறுதியோ ஜூலை 8. அந்த ஒரு நாள் வித்தியாசம் ஜூலை மாத வெயிலில் பெரிது. இறுதியும் பகல் மூன்று மணி ஆட்டம்தானே?

இடதுகால்

இரண்டு அரையிறுதிகளும், இறுதி நடந்த அதே நியூ ஜெர்சி மெட்லைஃப் மைதானத்தில், அதே பகல் மூன்று மணிக்குத்தான் நடந்தன. வெயில் இருவருக்கும் ஒன்றுதான். செல்சியும் மே 28 அன்று விரோட்ஸ்வாஃபில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆடிவிட்டு வந்த அணிதான். இரு அணிகளுக்கும் அந்தப் பருவத்தில் 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

அது மட்டுமில்லை, சார்லட்டில் பென்ஃபிகாவுடன் செல்சி ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டீர்கள். இடி மின்னல் எச்சரிக்கையால் 85-வது நிமிடத்தைத் தாண்டியதும் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருந்து, திரும்பி வந்ததும் டி மரியா பெனால்டியில் சமன் செய்து, கூடுதல் நேரம் போய் 4-1 என்று முடிந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை 4 மணி 38 நிமிடம். அந்தத் தொடரில் அதைவிடக் களைப்பான மாலை எந்த அணிக்கும் வாய்க்கவில்லை.

பாரிஸ்_ரசிகை

தோற்ற அணியின் ரசிகை பேசலாம் என்றால் பேசுகிறேன்.

களைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடதுகால் சொல்வதிலும் பாதிதான் உண்மை. மெண்டெஸின் பின்னால் இடம் இருந்தது என்பது யாரும் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் அல்ல. அந்தப் பக்கம் மெண்டெஸ், இந்தப் பக்கம் ஹகிமி, இருவரும் எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் முன்னேறுகிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும் அளவுக்கு முன்னேறுகிறார்கள். அந்த வெற்றிடம் அட்லெட்டிகோவுக்கு எதிராகவும் இருந்தது, பயர்னுக்கு எதிராகவும் இருந்தது, ரியலுக்கு எதிராகவும் இருந்தது. இறுதிக்கு முன் ஆறு ஆட்டங்களில் நாங்கள் வாங்கியது ஒரே ஒரு கோல், பிரேசிலின் போட்டாஃபோகோ அடித்தது.

ஆக, வெற்றிடம் ஏன் இருந்தது என்பது என் கேள்வி அல்ல. அங்கே துல்லியமாகப் பந்தை அனுப்ப செல்சிக்கு எப்படி நேரம் கிடைத்தது? பாரிஸின் தற்காப்பு பின்களத்தில் தொடங்குவதில்லை, முன்கள வீரர் டெம்பெலேயின் ஓட்டத்தில் தொடங்குகிறது. மியூனிக்கில் இன்டரின் கோல்கீப்பர் சோமரை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டே நின்றார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். எதிரணி கோல்கீப்பர் தலை நிமிர்வதற்குள் அவர் அங்கே நிற்க வேண்டும். அன்று அந்த முதல் அழுத்தம் அரை அடி தாமதமாக வந்தது. அந்த அரை அடிக்குக் காரணம் கால் வலியா, மனநிறைவா என்பதை நான் முடிவு செய்ய மாட்டேன்.

இன்னொன்று. எங்கள் தற்காப்பு வீரர் பாச்சோ இல்லை. பயர்ன் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி அரையிறுதியையும் இறுதியையும் இழந்தார். பெரால்டோ நல்ல ஆட்டக்காரர், ஆனால் மெண்டெஸ் விட்டுப்போன இடத்தை ஓடி மூடுவது பாச்சோவின் வேலை. அந்த வேலையை அன்று யாரும் செய்யவில்லை.

ஆஃப்சைடு

பாச்சோ இல்லாமல்தானே ரியலை 4-0 என்று வென்றீர்கள்?

பாரிஸ்_ரசிகை

ரியல் அந்த வெற்றிடத்துக்குப் பந்து அனுப்பவே இல்லை. 24 நிமிடத்தில் 3-0. எங்கள் பெரால்டோவைச் சோதிப்பதற்குள் அவர்கள் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த அரையிறுதி எங்களுக்கு உதவியதா, கெடுத்ததா என்றுகூட யோசிக்கிறேன்.

நடுக்கள_மனிதன்

பாரிஸ்_ரசிகை தொட்ட இடம்தான் இந்த ஆட்டத்தின் மையம். கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கேயின் அணி எதிரணியைச் சிறிய பாஸ்கள் ஆட வைத்துத்தான் பிடிக்கும். ஆட்டத்தைத் தொடங்கும்போதே பந்தை வேண்டுமென்றே எதிரணியின் மூலைப் பக்கம் வெளியே அடித்துவிடுவார்கள். தூக்கி எறிய வருபவனைச் சுற்றி ஆளுக்கு ஆள் நிற்பார்கள். பந்து உங்களிடம், சிறை அவர்களுடையது. இன்டர் அந்தச் சிறைக்குள் சிறிய பாஸ்களால் வழி தேடியது. முடியவில்லை.

செல்சி பயிற்சியாளர் மரெஸ்காவும் சிறிய பாஸ் பள்ளியைச் சேர்ந்தவர், மான்செஸ்டர் சிட்டியில் குவார்டியோலாவின் உதவியாளராக இருந்தவர். லீக் பருவம் முழுவதும் சான்செஸைக் காலடியில் பந்து வைத்து ஆடச் சொன்னவர். அதில் சான்செஸ் தடுமாறியதால் பிப்ரவரியில் அவரை உட்கார வைத்துவிட்டு யோர்கென்சனை இறக்கியதும் நடந்தது. அப்படிப்பட்ட பயிற்சியாளர், ஒரு இறுதியில், தன் பள்ளிக்கூடத்தையே மூடிவைத்துவிட்டு, “நீளமாக உதை” என்று சொல்லியிருக்கிறார். இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நீளமாக உதைப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும். உதைத்த பந்து விழும் இடத்தில் யார் இருக்க வேண்டும் என்பதில்தான் திட்டம் இருந்தது. பருவம் முழுவதும் பெரும்பாலும் நடுவில் ஆடிய பால்மர் வலப்பக்கம் போனார். குஸ்தோ அவரைத் தாண்டி மேலே ஏறினார். ஒரு மெண்டெஸ், இரண்டு பேர். யாரைப் பிடிப்பது? குஸ்தோவைத் தொடர்ந்தால் பால்மர் தனியாக, பால்மரிடம் போனால் குஸ்தோ தனியாக.

மறுபக்கத்தில் இதற்கு நேர் எதிர். பெட்ரோ நெட்டோ இடப்பக்கத் தாக்குதல் வீரர் என்று பெயர், ஆனால் பல நேரங்களில் குகுரெயாவுக்கு அருகில் ஐந்தாவது தற்காப்பு வீரராகவே நின்றார். ஹகிமி மேலே வரும்போதெல்லாம் அவர் முன்னால் நெட்டோ. செல்சி ஒரு பக்கத்தை முற்றிலும் அடைத்துவிட்டு மறுபக்கத்தை முற்றிலும் திறந்து வைத்தது. நடுவில் ரீஸ் ஜேம்ஸும் கைசெடோவும் பாரிஸின் விட்டினியாவையும் ஜோவா நெவெஸையும் திரும்பவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் வலது பின்கள வீரர். அவரை நடுக்களத்தில் நிறுத்தி, அவர் இடத்தில் குஸ்தோவை ஓடவிட்டது அடுத்த சூதாட்டம்.

முதல் பத்து நிமிடங்களிலேயே வென்றுவிட்டோம் என்ற பொருளில் மரெஸ்கா ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். அப்போது கோல் எதுவும் விழவில்லையே என்று சிலர் கேலி செய்தார்கள். மறுபடி பாருங்கள், புரியும். அந்தப் பத்து நிமிடங்களில் செல்சி ஆளுக்கு ஆள் பிடித்து மேலேயே நின்றது. மற்றவர்களுக்கு பாரிஸ் கொடுக்கும் மருந்தை அன்று பாரிஸுக்கே கொடுத்தார்கள்.

வலைக்காவலன்

அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் பந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் பாரிஸிடம்தான் இருந்தது. கோல் இல்லாமல் இருந்தபோது பாரிஸின் டூவேவுக்கு ஒரு பொன்னான வாய்ப்பு வந்தது. அடித்திருக்க வேண்டும், பக்கத்தில் தள்ளப் பார்த்தார், குகுரெயா இடைமறித்தார். அது கோலாகியிருந்தால் இந்த இழைக்கு வேறு தலைப்பு. இரண்டாம் பாதி தொடங்கியதும் டெம்பெலே அருகிலிருந்து அடித்ததை சான்செஸ் தடுத்தது இன்னொன்று. திட்டத்தைப் பாராட்டுங்கள், கோல்கீப்பரையும் கொஞ்சம் பாராட்டுங்கள். தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதை அவருக்குச் சும்மா கொடுக்கவில்லை.

ஆஃப்சைடு

3-0 ஆன பிறகு பந்து யாரிடம் இருந்தால் என்ன? வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த பந்து அது.

பழைய_பந்து

பெயருக்கேற்றபடி கொஞ்சம் பழைய கதை பேசுகிறேன்.

இந்தக் கோப்பையிலும் இதன் முன்னோடியிலும் வலுவான ஐரோப்பிய அணியை எளியதாகக் கருதப்பட்ட அணி முதல் பாதியிலேயே முடித்துவைப்பது இது முதல் முறை அல்ல. 1981-இல் டோக்கியோவில், ஐரோப்பிய, தென் அமெரிக்கச் சாம்பியன்கள் மோதும் இண்டர்காண்டினென்டல் கோப்பைக்காக லிவர்பூலும் பிரேசிலின் ஃப்ளமெங்கோவும் மோதின. இடைவேளைக்குள் ஃப்ளமெங்கோ 3-0 என்று முன்னிலை, ஆட்டமும் அப்படியே முடிந்தது. ஃப்ளமெங்கோவின் ஜிகோ கோல் அடிக்கவில்லை, ஆனால் ஆட்டம் அவருடையது. 2005-இல் யோகோஹாமாவில் சாவோ பாலோ லிவர்பூலை 1-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு அதே ஊரில் இன்டர்நேசியோனால் பார்சிலோனாவை 1-0. 2012-இல் இதே செல்சி, கொரிந்தியன்ஸிடம் 1-0 என்று தோற்றது, கெரேரோவின் தலையால். அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வெளியே கோப்பை போகவே இல்லை.

அதனால் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. இந்த முறை இறுதியில் நின்றவை இரண்டும் ஐரோப்பிய அணிகள். 32 அணிகள், ஒரு மாதம், மொத்தம் 100 கோடி டாலர் பரிசு, கடைசியில் லண்டனும் பாரிஸும். இதற்கு உலகக் கோப்பை என்று பெயர்.

இடதுகால்

ஐயா, அரையிறுதியில் பிரேசிலின் ஃப்ளூமினென்ஸ் இருந்தது. செல்சி இந்தத் தொடரில் தோற்ற ஒரே ஆட்டம் ஃப்ளமெங்கோவிடம், 3-1. பாரிஸ் இறுதிக்கு முன் தோற்ற ஒரே ஆட்டம் போட்டாஃபோகோவிடம். இன்டரை ஃப்ளூமினென்ஸ் வெளியேற்றியது, மான்செஸ்டர் சிட்டியை சவுதியின் அல் ஹிலால் 4-3 என்று வெளியேற்றியது. இறுதியை மட்டும் பார்த்துவிட்டு முழுத் தொடரையும் எடைபோடலாமா?

பழைய_பந்து

தம்பி, அதுவே என் குறையும். குழுச்சுற்றில் வென்றதற்கு மரியாதை கிடைக்கிறது, கோப்பை கிடைப்பதில்லை. 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய அணிகள் வெளிநாட்டு வீரர்களைக் குவிக்கத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஜிகோவின் அணி முழுக்க பிரேசிலில் ஆடியவர்கள். இன்று அப்படி ஒரு தலைமுறையை யாராலும் ஊரில் வைத்துக்கொள்ள முடியாது. ஃப்ளூமினென்ஸை அரையிறுதியில் வீழ்த்திய இரண்டு கோல்களையும் அடித்தது யார்? ஃப்ளூமினென்ஸிலேயே வளர்ந்த ஜோவா பெட்ரோ. அவர் கொண்டாடக்கூட இல்லை.

மூன்றாம்_நடுவர்

ஜோவா பெட்ரோ என்றதும் நினைவுக்கு வருகிறது. இதைப் பற்றி யாரும் பேசாதது வியப்பு. அவர் தொடர் தொடங்கும்போது செல்சி வீரரே அல்ல. ஜூலை 2 அன்று பிரைட்டனிலிருந்து வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து பால்மெய்ராஸுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். அரையிறுதியில் இரண்டு கோல், இறுதியில் ஒரு கோல். தொடரின் நடுவில் ஒரு முன்கள வீரரைக் கடையிலிருந்து எடுத்து வருவதுபோல வாங்கி வந்து கோப்பை வெல்வது எந்த ஊர் நியாயம்? நாடுகளின் உலகக் கோப்பையில் காலிறுதிக்கு முன் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியுமா?

ஆஃப்சைடு

விதி அனுமதித்தது. ஜூன் 27 முதல் ஜூலை 3 வரை பட்டியலில் மாற்றம் செய்ய ஃபிஃபா வழி விட்டிருந்தது. எல்லா அணிகளுக்கும் பொதுவான விதி. பாரிஸும் வாங்கியிருக்கலாம்.

மூன்றாம்_நடுவர்

விதி அனுமதித்தது என்பது எனக்கும் தெரியும். விதி சரியா என்பதுதான் கேள்வி. பல ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிகின்றன, அதனால் ஒரு வழி வேண்டும் என்பது புரிகிறது. போகிறவருக்குப் பதில் ஒருவர் என்றால் சரி. ஆனால் அந்த வழியில் ஐந்து கோடி பவுண்டுக்கு மேல் விலையுள்ள வீரர் நுழைய முடிகிறது என்றால், எந்த அணிகளுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. துனிசியாவின் எஸ்பெரான்ஸ் அணியும் அதே விதியின் கீழ்தான் ஆடியது, அதனால் என்ன பயன்?

பாரிஸ்_ரசிகை

தோற்றவள் சொன்னால் புலம்பல் ஆகிவிடும் என்று நான் வாய் திறக்கவில்லை. நீங்களே சொன்னதற்கு நன்றி.

நடுக்கள_மனிதன்

நுழைவு விதியே வேடிக்கைதான். செல்சி இந்தத் தொடருக்குத் தகுதி பெற்றது 2021 சாம்பியன்ஸ் லீக் வெற்றியால். அதன் இறுதியில், போர்ட்டோவில் ஹாவெர்ட்ஸ் அடித்த கோல் 2025-இல் வாசலைத் திறந்தது. அன்று போர்ட்டோவில் தொடங்கிய பதினொருவரில் மெட்லைஃபில் தொடங்கியவர் ஜேம்ஸ் மட்டுமே. அணி முழுக்க மாறிவிட்டது, அழைப்பிதழ் மட்டும் பழையது. லிவர்பூல் அந்த ஆண்டு இங்கிலாந்து சாம்பியன், ஆனால் ஒரு நாட்டுக்கு இரண்டு அணி என்ற வரம்பால் வெளியே நின்றது.

ஆனாலும் பழைய_பந்து ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துக் கோப்பை மட்டும் தூய்மையாக இருந்ததா? 1971-லும் 1973-லும் அயாக்ஸ் ஆட மறுத்தது, முதல் முறை பனதினாய்கோஸும் அடுத்த முறை யுவென்டஸும் போயின. 1974-இல் பயர்ன் வராததால் அட்லெட்டிகோ மாட்ரிட் போய் வென்றே விட்டது. ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வெல்லாத அணி, ஆனால் ஃபிஃபாவின் 2017 அங்கீகாரத்தின்படி உலகச் சாம்பியன். 1975-லும் 1978-லும் போட்டியே நடக்கவில்லை.

பழைய_பந்து

ஆட மறுத்ததற்குக் காரணமும் சொல்லுங்கள். 1969-இல் மிலான் அணியின் கோம்பின், அர்ஜென்டினாவின் எஸ்துதியான்டெஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் முகம் உடைந்து இரத்தத்தோடு வெளியேறினார். யார் போவார்கள்? அதனால்தானே 1980 முதல் இரண்டு ஆட்ட முறையை விட்டுவிட்டு டோக்கியோவில் ஒரே ஆட்டம் என்று ஆனது. தூய்மை என்று நான் சொல்லவில்லை. இரண்டு கண்டங்கள் சமமாக நின்றன என்றுதான் சொன்னேன்.

மழைத்துளி

எல்லோரும் திட்டம், வரலாறு என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கடைசிக் காட்சிகள்தான் மறக்கவில்லை. 85-வது நிமிடத்தில் ஜோவா நெவெஸ் குகுரெயாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. அவ்வளவு முடி வைத்திருந்தால் யாருக்குத்தான் கை வராது!

மூன்றாம்_நடுவர்

சிரிப்பு வந்தாலும் சிவப்பு அட்டை சரிதான். பந்துக்காகப் போராடாத இடத்தில் எதிரணி வீரர் மீது அளவுமீறிய பலத்தையோ முரட்டுத்தனத்தையோ காட்டுவது வன்முறை நடத்தை, விதி 12. நடுவர் ஃபகானி திரையில் பார்த்துவிட்டுக் காட்டினார். முடியை இழுத்ததற்கு மஞ்சள் போதும் என்று சொல்பவர்களுக்கு: பந்து எங்கே இருந்தது என்று பாருங்கள்.

அதைவிட மோசம், ஆட்டம் முடிந்த பின் லூயிஸ் என்ரிக்கே ஜோவா பெட்ரோவிடம் நடந்துகொண்டது. வீரர் கோபப்படலாம். பயிற்சியாளரின் கை ஒரு வீரரின் முகத்துக்கு அருகே போகவே கூடாது.

பாரிஸ்_ரசிகை

ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு முழுவதும் அவர் மீது வைத்திருந்த மரியாதைக்கு அந்த ஒரு நிமிடம் பொருந்தவில்லை.

மழைத்துளி

இடைவேளையில் இசை நிகழ்ச்சி வைத்தது பற்றி யாருக்கும் கருத்து இல்லையா? 81,118 பேர் வந்த மைதானம். அமெரிக்கக் கால்பந்து இறுதியில் வைப்பதுபோல மேடை போட்டு, பாட்டுப் பாடி, 15 நிமிடத்தைத் தாண்டி இடைவேளை நீண்டது. விதியில் 15 நிமிடம்தானே?

மூன்றாம்_நடுவர்

விதி 7: இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. விதியை எழுதும் சபையில் பாதி வாக்கு ஃபிஃபாவிடம், மீறியதும் ஃபிஃபாவே. 3-0 என்று பின்தங்கிய அணிக்கு நீண்ட இடைவேளை உதவியிருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை.

ஆஃப்சைடு

கோப்பையைத் தூக்கும்போது மேடையில் நின்ற அந்த முக்கிய விருந்தினரை விட்டுவிட்டீர்களே! ஜேம்ஸ் கோப்பையோடு நிற்கிறார், பக்கத்தில் அமெரிக்க அதிபர் நகரவே இல்லை, பால்மர் முகத்தில் குழப்பம்…

நெறியாளர்

அதிபர் மேடையில் நின்றது செய்தி, அதோடு நிறுத்திக்கொள்வோம். அவருடைய அரசியலுக்கு இங்கே தனிப் பகுதி இருக்கிறது. அதைத் தொடர்ந்து வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.

வலைக்காவலன்

ஆட்டத்துக்கே திரும்புகிறேன். இடதுகால், நடுக்கள_மனிதன் இருவருக்கும் ஒரு கேள்வி. இந்தத் திட்டம் அவ்வளவு தெளிவானது என்றால், பாரிஸை எல்லோரும் இனி இப்படி வெல்ல முடியுமா? முடியாது என்றால் அன்று நடந்தது திட்டம் மட்டுமல்ல என்றுதானே பொருள்?

நடுக்கள_மனிதன்

எல்லோரிடமும் பால்மர் இல்லை. முதல் இரண்டு கோல்களும் ஒரே மாதிரி: பெனால்டி பகுதியின் விளிம்பு, இடது கால், தரையோடு. டொன்னரும்மா உயரமானவர், மேலே அடித்தால் பிடித்துவிடுவார், கீழே அடித்தால் அந்த நீண்ட உடல் இறங்கிவர நேரமாகும். இரண்டாவது கோலில் பால்மர் அவசரமே படவில்லை. ஓடிவரும் ஜோவா பெட்ரோவைக் காட்டி, தடுப்பவரை ஒரு பக்கம் சாய வைத்து, பிறகு அடித்தார். திட்டம் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. அந்த அரை நொடி நிதானத்தை எந்தப் பயிற்சியாளராலும் பலகையில் வரைந்து காட்ட முடியாது. தொடரின் சிறந்த வீரர் விருதை அவருக்குக் கொடுத்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

ஆஃப்சைடு

*(ஒரு மாதம் கழித்து, இழையை மேலே கொண்டுவருகிறேன்)*

வலைக்காவலன் கேட்ட கேள்விக்கு இத்தாலியின் உடினேயில் பதில் கிடைத்துவிட்டதா? ஆகஸ்ட் 13, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, பாரிஸும் டாட்டன்ஹாமும். டாட்டன்ஹாம் 2-0 என்று முன்னிலை. முதல் கோல் எப்படி வந்தது? கோல்கீப்பர் விகாரியோ தன் பாதியிலிருந்து நீளமாக உதைத்த ஃப்ரீ கிக். வான் டி வென் அடித்தார். மறுபடி நீண்ட பந்து, மறுபடி பாரிஸ் தடுமாற்றம்.

பாரிஸ்_ரசிகை

முடிவையும் சொல்லுங்கள்! 85-வது நிமிடத்தில் லீ காங்-இன், கூடுதலாகச் சேர்த்த நேரத்தில் ராமோஸ், 2-2. பெனால்டியில் 4-3 என்று கோப்பை எங்களுக்கு. பருவத்துக்கான பயிற்சியே சரியாகத் தொடங்காமல் வந்த அணி அது.

இடதுகால்

ஆஃப்சைடு சொல்வதை நான் ஏற்கவில்லை, அது எனக்குச் சாதகமாக இருந்தாலும். டாட்டன்ஹாமின் இரண்டு கோல்களும் நின்ற பந்திலிருந்து வந்தவை. விகாரியோ உதைத்தது கூட்டமாக நின்ற பெட்டிக்குள், உயரத்தை நம்பி. இரண்டாவது, போரோவின் ஃப்ரீ கிக்கை ரொமேரோ தலையால் முட்டியது. அது வேறு ஆயுதம். செல்சி அடித்தது ஓடும் ஆட்டத்தில், ஆளில்லாத புல்லை நோக்கி. மெண்டெஸை இருவருக்கு நடுவில் நிறுத்தியது டாட்டன்ஹாம் செய்யாத வேலை. ஐந்து பேரைப் பின்னால் வைத்து ஆடிய அணி அந்த இரண்டாவது ஆளை எங்கிருந்து கொண்டுவரும்?

அதனால்தான் 85-வது நிமிடம் வரை தாங்கியும் உடைந்தார்கள். செல்சியிடம் மூன்றாவது கோல் இருந்தது, இவர்களிடம் இல்லை.

வலைக்காவலன்

அப்படியானால் அந்த இறுதி ஒரு முறை மட்டும் நடக்கக்கூடியது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இடதுகால்

இல்லை. குஸ்தோபோல ஓடும் பின்கள வீரரும், பால்மர்போல நிற்கத் தெரிந்தவரும், பந்து இல்லாமல் 90 நிமிடம் ஓடச் சம்மதிக்கும் நெட்டோபோல ஒருவரும் உள்ள அணி செய்யலாம். ஐரோப்பாவில் அப்படி மூன்று நான்கு அணிகள் இருக்கும். அந்த மூவரில் நெட்டோவைத்தான் கண்டுபிடிப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

பாரிஸ்_ரசிகை

அந்த அணிகள் வரட்டும், பாச்சோ திரும்பிவிட்டார். அப்புறம், உடினேயில் வெற்றிப் பெனால்டியை அடித்தது யார் என்று பார்த்தீர்களா? நீங்கள் இழை முழுக்க முதுகைப் பற்றியே எழுதிய மெண்டெஸ்தான்.